தீக்கடைகோல் விசாரணை

புகை வரவழைப்பது எளிது. கங்கு வரவழைப்பதுதான் ஆளைக் குனிய வைக்கும் வித்தை என்பதை அலைமாதா கோயில் உபதேசியார் கஸ்பார் தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். இடது பாதத்தால் அடிப்பலகையை அழுத்திக்கொண்டு, வலைக் கயிறு பூட்டிய வில்லை முன்னும் பின்னும் இழுத்தால், காய்ந்த முருங்கைக் கம்பு பலகையின் குழியில் நின்று சுழலும். கம்பின் தலையை ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் கம்பு திக்கி நின்றுவிடும். குறைத்தால் குழி வழவழப்பேறி வெறுமனே கீச்சிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அழுத்தம் இருக்கிறது. அதைக் கை கற்றுக்கொள்வதற்குள் உயிர் தொண்டைக்கு வந்துவிடும்.

"கடையுதீரு, கடையுதீரு... மோராவது வருமா மச்சான்?" என்று வாசல்நிலையில் சாய்ந்தபடி கேட்டான் இன்னாசி. கஸ்பாரின் மனைவி அமலிக்குத் தம்பி. மீன் வளர்க்கக் கடலுக்குள் இறக்கப்பட்ட மீன்பட்டிகளில் வலை மாற்றும் வேலை அவனுக்கு.

"தள்ளி நில்லு மாப்ள. உன் வாய்க்காத்துல கரித்தூள் பறக்குது."

"வாய்க்காத்த மட்டுந்தான் இன்னும் கம்பெனிக்காரன் அளந்து தரல. அதையும் மூடச் சொல்லுதீரு."

அடுப்படியிலிருந்து அமலி சிரித்தாள். சிரித்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

அவர்கள் வாழ்ந்த வலம்புரி நகரம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கரையோரமாக, சங்கின் வடிவில் மூடிக் கட்டப்பட்டது. வெளியே ஒரு பகல் முழுவதும் நின்ற மனிதன் மாலையில் உயிரோடு இருப்பதில்லை என்ற நிலைக்கு வெயில் முற்றியபின், கடற்கரைச் சனங்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. சங்கின் அடிச்சுற்றில் படகுத் தெரு. அதன் முதுகோடு ஒட்டி, நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரிக் கிடங்கு. சங்கின் மேற்சுற்றில் அலுவலர்களின் வீடுகள், அலுவலகங்கள், அலைமாதா கோயில். இதற்குமுன் கட்டிய மூடுநகரம் ஒன்று பேட்டரித் தீயில் ஒரே இரவில் எரிந்துபோனதால், வலம்புரியைக் கட்டி நடத்திய கம்பெனிக்காரர்கள் தீயைத் தடுக்கச் சட்டம் இயற்றவில்லை, காற்றையே மாற்றினார்கள். வெளிக்காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு. இங்கே பதினாறு. மனிதன் மூச்சு விடலாம், நெருப்பு மூச்சு விட முடியாது. கொடைக்கானலில் குடியிருப்பது போல என்று குடியேறிய நாளில் விளக்கினார்கள். தெருவுக்குத் தெரு தொங்கும் காற்றுப் பலகைகளில், மேற்சுற்றானாலும் அடிச்சுற்றானாலும், எப்போதும் அதே எண் ஒளிர்ந்தது. வலம்புரியில் பிறந்த பிள்ளைகள் தீயைப் பார்த்ததே இல்லை.

"எரியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு இந்தப் பாடு?" என்றான் இன்னாசி.

"எரிய வேண்டாம்டே, கனிஞ்சா போதும். ஈஸ்டருக்கு முந்துன பாஸ்கா ராத்திரியில புதுத்தீய மந்திரிக்கணும். இத்தன வருசமும் பல்பப் போட்டு 'இதுதான் தீ'ன்னு நெனச்சுக்கிட்டோம். கங்கும் தீதான்னு பங்குச்சாமி மேலிடத்துல கேட்டு வாங்கிட்டாரு."

"கம்பெனி விட்டானா?"

"'இக்காற்றில் தீ பிறக்காது, ஆகவே அனுமதி தேவையில்லை'ன்னு பதில் வந்துச்சு."

இன்னாசி அந்தப் பதிலை நெடுநேரம் ரசித்தான்.

கஸ்பாருக்கு அந்தக் கங்கின் மீது திருச்சபையின் ஒழுங்கைக் கடந்த ஒரு வேட்கையும் இருந்தது. அவரும் அமலியும் இரண்டு பிள்ளைகளை இழந்திருந்தார்கள். முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. இரண்டாவது பிறந்து, ஒரு கைக்குள் அடங்கி, ஞானஸ்நானம் பெறுமட்டும் இருந்து போயிற்று. படகுத் தெருவில் இது புதிதல்ல. வீட்டுக்கு வீடு ஒரு குறை உண்டு. உடம்பு வாகு என்பார் மருத்துவர். இம்முறை அமலி மாலைதோறும் மேற்சுற்றுக்கு ஏறிப்போய், கோயில் மூடும்வரை மாதாவின் எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளை வளர்கிறது. கோயிலுக்குள் கால் வைத்தாலே நெஞ்சு லேசாகிறது என்று அவள் மட்டுமல்ல, தெருவே சொல்லும். வலையிழுத்துக் களைத்த ஆண்கள்கூட ஞாயிறு பூசை முடிந்து ஏதோ பாரம் இறங்கியவர்களாகத் திரும்புவார்கள். அது அருள் இறங்கும் இடம் என்று மறைக்கல்வி வகுப்பில் கஸ்பாரே கற்பித்திருக்கிறார்.

அன்று, இன்னாசி சலித்துப்போய்ப் புறப்பட்ட வேளையில், பலகையின் விளிம்பில் வெட்டிய பொளியில் திரண்ட கரித்தூள், வில் நின்ற பிறகும் தானாகப் புகைந்தது. கஸ்பார் குனிந்து மெல்ல ஊதினார். கறுப்புக்குள்ளிருந்து மாதுளை முத்தளவு ஒரு சிவப்பு விழித்தது.

"அமலி... அமலி, இங்க வா."

அவள் வந்து மண்டியிட்டாள். அதைத் தேங்காய் நாருக்குள் வைத்து இருவரும் மாறி மாறி ஊதினார்கள். நார் முழுதும் சிவந்து, சுருண்டு, கடைசிவரை சுவாலை இல்லாமலே சாம்பலாயிற்று. ஊதி முடிந்ததும் இருவரும் முதுகைச் சுவரில் சாய்த்து, பேச்சு வராமல், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அதன்பின் அவர் தேர்ந்துவிட்டார். இந்தக் காற்றில் கங்கைக் காப்பாற்றுவதற்கு நாரைக் குவியலாக வைக்க வேண்டும், ஒரு நிமிடம்கூட விடாமல் ஊத வேண்டும் என்று கை பழகிக்கொண்டது.

பாஸ்கா விழிப்பன்று கோயில் முற்றத்தில் விளக்குகளை அணைத்தார்கள். படகுத் தெரு முழுவதும் ஏறி வந்திருந்தது. மேற்சுற்றுக் குடும்பங்கள் சிலவும் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தன. பங்குச்சாமி லெயோனார்து வெள்ளை அங்கியில், பாஸ்காத் திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியைத் தாங்கி நின்றார். வெண்கலத் தாம்பாளத்தில் கஸ்பார் தம் வழக்கப்படியே நாரைக் குவித்தார். வில்லை இழுத்தார். வியப்பாக, மூச்சு முட்டவில்லை. இருளில் சிவப்பு தெரிந்ததும் பிள்ளைகள் உஸ்ஸென்றன. கங்கை நாருக்குள் வைத்து, வழக்கம்போல நெஞ்சைக் காலிசெய்து ஊதினார்.

மூன்றாம் ஊதலுக்குக் குவியல் சட்டென்று சுவாலையாக எழுந்தது.

அது அவர் புருவத்தைத் தீய்த்தது. அவர் பின்னால் சரிந்து விழுந்தார். கூட்டம் அலறியது. தீயை அணைத்துப் பழகியவர் அங்கே எவருமில்லை; எல்லோரும் கங்கை வளர்ப்பதைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். சாமி பதற்றத்தில் பூசைப் புத்தகத்தால் விசிற, சுவாலை இடுப்புயரம் ஓங்கி அவருடைய கைநுனியைக் கவ்வியது. கஸ்பார் எழுந்து தீர்த்தத் தொட்டியின் மூடியை இழுத்துத் தாம்பாளத்தின்மேல் கவிழ்த்தார். இருட்டு திரும்பியபோது, சாமியின் கையிலிருந்த திரி மட்டும், எப்படியோ பற்றிக்கொண்டு, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"சாமி, அதுக்கு உசிரு இருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சிலர் முழந்தாளிட்டார்கள். புதுமை, மாதா செய்த புதுமை என்று பின்னாலிருந்து ஒரு குரல் தழுதழுத்தது.

அமலி மட்டும் கணவரின் கருகிய புருவத்தை முந்தானையால் ஒற்றியபடி, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இங்க எரியுதுங்க. நம்ம வீட்டுல ஏன் எரியல?"

அந்தக் கேள்வியை முழுதாக உள்வாங்கக் கஸ்பாருக்குச் சற்று நேரம் பிடித்தது. உள்வாங்கியபோது, அவர் காலடியில் அதுவரை உறுதியாக நின்ற ஏதோ ஒன்று நகர்ந்தது. கோயிலில் நெஞ்சு லேசாகிறது. கோயில் மேற்சுற்றில் இருக்கிறது. எத்தனை பெண்களை, "அழாத தாயி, மாதா முன்னால வந்து இரு, பாரம் இறங்கும்" என்று அவர் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறார்! பாரம் இறங்கியது உண்மை. இறக்கியது மாதா அல்ல. அவர்கள் எல்லோரும் இத்தனை காலம் நல்ல காற்றை அருளென்று எண்ணி, மண்டியிட்டு நன்றி சொல்லிவிட்டு, மூச்சில்லாத தெருவுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அவர் அதை மறைக்கவில்லை. மறுநாள் உயிர்ப்புப் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம், "மேல உள்ள காத்து வேற, நம்ம காத்து வேற" என்று நேராகச் சொன்னார். திங்கட்கிழமை மீன்பட்டிகளுக்கு யாரும் இறங்கவில்லை. கிடங்குக்கும் ஆள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் விசாரணைக்கு அழைத்தார்கள். குற்றச்சாட்டு தெளிவானது: தீமூட்டும் வேதிப்பொருளை நகருக்குள் கடத்தியது, அதை மறைக்கக் காற்றைப் பற்றி வதந்தி பரப்பியது. மெய்யென்று நிலைபெற்றால் குடும்பத்தோடு வெளியேற்றம். வெளியேற்றம் என்பதற்கு அந்த வெயிலில் ஒரே பொருள்தான்.

விசாரணை மேற்சுற்று மண்டபத்தில் நடந்தது. தலைமை வகித்தவர் நகர ஆணையர் மங்கையர்க்கரசி. ஐம்பதைக் கடந்தவர், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அவருக்கு வலப்புறம் காற்றுப் பொறியாளர் நிரஞ்சன்.

"வெறும் மரத்தை மரத்தோட தேய்ச்சே அந்த நெருப்பு வந்ததுன்னு சொல்றீங்க?" என்றார் ஆணையர்.

"ஆமாம்மா. வேற ஒண்ணுமில்ல."

"அப்போ இங்கயும் வரணும். இதுவும் மேற்சுற்றுதான். செய்து காட்டுங்க."

கஸ்பார் தரையில் பலகையை வைத்தார். தெரு சனம் சாளரங்களை மொய்த்து நின்றது. வில்லை இழுக்கத் தொடங்கியதுமே அவருக்கு ஏதோ பிசகுகிறது என்று பட்டது. விலா இழுத்தது, வீட்டில் கடையும்போது வருகிற அதே திணறல். கங்கு வந்தது. நாரில் வைத்தார், ஊதினார், மறுபடி ஊதினார். நார் சிவந்து சுருண்டு சாம்பலானது. இன்னொரு முறை கடைந்தார். அதே சாம்பல்.

"பதிவு செய்யலாமா மேடம்?" என்று நிரஞ்சன் கேட்டார். "எரியலைன்னு."

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தார். ஆணையர் ஒரு கையால் நெற்றியைத் தாங்கியிருந்தார். அவருடைய தோள்கள், படகுத் தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபின் ஏறி இறங்குவதைப் போல, ஏறி இறங்கின. பின்வரிசையில் ஓர் எழுத்தர் கொட்டாவிமேல் கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தார்.

"விசாரணைய ஒத்தி வைக்கிறேன்" என்றார் ஆணையர்.

அன்று விளக்கேற்றும் வேளையில் கதவு தட்டப்பட்டது. துணைக்கு ஒருவரும் இல்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி ஆணையரே நின்றார்.

"உள்ள வரலாமா?"

அமலி பாயை விரித்தாள். உட்கார்ந்த ஆணையர் முதலில் ஒன்றும் பேசாமல் மூச்சு விட்டார். பேசாமல் விட்டதல்ல, பேச முடியாமல்.

"காலைல மண்டபத்துல எனக்கு எப்படி இருந்துச்சோ, இங்க அப்படியே இருக்கு" என்றார் கடைசியில். "மத்தியானம் வீட்டுக்குப் போனா, என் பேத்தி விளையாடாமப் படுத்திருக்கா. நிரஞ்சனக் கூப்பிட்டுக் கேட்டேன். நெருப்பு வரக் கூடாதுன்னு மேலயும் காத்தக் குறைச்சிருக்காரு. 'விசாரணை முடியற வரைக்கும்தான் மேடம், அப்புறம் பழையபடி ஏத்திடுவேன்'னாரு. எனக்கு நல்லது செஞ்சதா நெனப்பு அவருக்கு."

கஸ்பார் நிதானமாகக் கேட்டார்: "அப்போ, கீழ?"

"கீழ எப்பவுமே இப்படித்தான். எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரியாதுங்கறது ஒரு பெருமையில்ல."

"பலகையில பதினாறுன்னுதானே எரியுது?" என்றாள் அமலி.

"அது பொய்யில்லம்மா. ஊரோட சராசரி அது. மேல இருபத்தொண்ணு, இங்க பதினாலு. காப்பீட்டுக்காரங்க கேக்கறது சராசரிய மட்டும்தான். மேல ஏத்தினதுக்கு ஈடா இங்க இறக்கியிருக்காங்க." அவர் நிறுத்தினார். "முதல் வருஷம் மேல ஒரு குழந்தை செத்துப்போச்சு. அதுக்கப்புறம் செஞ்ச ஏற்பாடாம்."

"இங்க செத்தத யாரும் எண்ணலியோ?" என்று கேட்டாள் அமலி. குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது ஆணையரைத் தலை குனியச் செய்தது.

"மாத்தலாம்" என்றார் அவர். "கிடங்குக்கும் உங்க தெருவுக்கும் நடுவுல கதவே கிடையாது, ரெண்டும் ஒரே காத்து. அங்க இரட்டைக் கதவு போட்டு, கிடங்குல மட்டும் வெறும் நைட்ரஜன நிரப்பிட்டா தீப்பிடிக்காது, பேட்டரி ஒண்ணும் மூச்சு விடாதே. உள்ள போறவங்களுக்கு முகமூடி. தெருவுக்கு முழுக் காத்து. சராசரி அதே பதினாறுலதான் நிக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

படகுத் தெருவின் அத்தனை சிறு கல்லறைகளுக்கும் விலை இரண்டு கதவுகள். கஸ்பார் தம் உள்ளங்கையில் வில் கிழித்த கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெருப்புப் பிடிக்காதா அப்புறம்?"

"பிடிக்கலாம். மேல நாங்க தீப்பிடிக்கிற காத்துலதானே இத்தன வருஷம் இருந்தோம்? கவனமா இருக்கணும், அவ்வளவுதான்."

"பின்ன எதுக்கும்மா இங்க வந்தீங்க? செய்துற வேண்டியதுதானே?"

ஆணையர் முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தார். "மேலயும் கீழயும் காத்து வேற வேறயா இருந்துச்சுன்னு தீர்ப்புல ஒரு வரி வந்தா, காப்பீடு ரத்து. காப்பீடு இல்லாத மூடுநகரத்துக்கு உரிமம் கிடையாது. ஊரையே மூடிடுவாங்க. உங்க தெருவும் வெளிய, என் பேத்தியும் வெளிய. அதனால, வித்தியாசம் எப்பவுமே இல்லன்னுதான் தீர்ப்பு வரணும். அப்படி வரும்னு நான் வாக்குக் குடுத்தா மட்டும்தான் நிர்வாகக் குழு கதவு போட ஒத்துக்கும். வியாழக்கிழமை இதே வீட்டுல, தெரு முன்னால, நீங்க மறுபடி கடையணும். அதுக்குள்ள காத்து மாறியிருக்கும். எரியும். மேலயும் எரிஞ்சது, கீழயும் எரியுது, ரெண்டும் ஒரே காத்து, உபதேசியார் சொன்னது பொய்னு எழுதுவேன். கடத்தல் குற்றம் நிக்காது. வெளியேத்த மாட்டோம். ஆனா..."

"பொய்யன்."

"ஆமா. கோயில் வேலையும் இருக்காது. காரணத்த யார்கிட்டயும் சொல்லவும் கூடாது."

"என் மச்சினன்கிட்ட?"

"ஒருத்தருக்கும் கூடாது. ஒரு வாய் பேசினாலும் காப்பீட்டுக்காரன் காதுக்குப் போயிடும்."

ஆணையர் போன பிறகு கஸ்பார் பலகையையும் வில்லையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரை உறுத்தியது தம் பெயர் மட்டுமல்ல. பிறந்து பெயர் வைக்குமுன் போன பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஞாயிறன்றுதான் ஒரு காரணம் கிடைத்திருந்தது. உடம்பு வாகு என்று கேட்டுக் கேட்டுத் தங்களையே வெறுத்த பெண்கள், அன்று முதல்முறையாக, தங்கள் மீது பிழையில்லை என்று தெருவில் நின்று சத்தமாக அழுதார்கள். அந்தக் காரணத்தை அவர் கையாலேயே திரும்பப் பிடுங்க வேண்டும்.

"ரெண்டையும் நாந்தான் சுமந்தேன்" என்றாள் அமலி. "ஏன் போச்சுன்னு ஊரறியச் சொல்லணும்னு உங்களவிட எனக்கு ஆச ஜாஸ்தி. ஆனா போனதுக்குக் காரணம் போதும். இருக்கறதுக்குக் காத்து வேணும்."

"அந்தம்மா ஏமாத்திட்டா?"

"ஏமாத்தினா எரியாது. எரியலன்னா நீங்க சொன்னது சரின்னு ஆயிரும். அதுக்கு மேல அவங்களால ஏமாத்த முடியாது, பாத்தீங்களா." களைப்போடு சிரித்தாள் அவள். "நெருப்புக்கு மட்டும் யாரும் சொல்லிக்குடுக்க முடியாதுங்க."

வியாழக்கிழமை காலை படகுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. தெரு வேண்டியது ஒன்றே ஒன்று: எரியக் கூடாது. எரியாவிட்டால் உபதேசியார் சொன்னது மெய். மேற்சுற்றில் மூண்டது இங்கே மூளவில்லை என்று ஆணையர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். பெண்கள் வாசற்படியிலேயே செபமாலை உருட்டினார்கள்.

"இன்னிக்கு எனக்குத் தலபாரமே இல்ல பாத்துக்கோ" என்று அடுத்த வீட்டு பிலோமி பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "மாதா நம்ம பக்கம் நிக்கா."

கஸ்பார் அதைக் கேட்டார். பலகையைச் சரிசெய்வதாகக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆணையரும் நிரஞ்சனும் சுவரோரம் நின்றார்கள். வில் சுழன்றது. முருங்கைக் கம்பு முனகியது, புகைந்தது, குழியில் கறுப்புத் தூள் திரண்டது. அவருக்கு மூச்சு முட்டவில்லை. கங்கை நாரில் ஏந்தி வாயருகே கொண்டுவந்தபோது இன்னாசி தோளருகே குனிந்தான்.

"மெதுவா ஊதும் மச்சான்" என்றான், உதடு அசையாமல். "தானா அணைஞ்சிரட்டும். நீரு செயிச்சாச்சு."

ஊதாமல் இருந்தால் போதும். மூச்சை அரை நொடி உள்ளே நிறுத்தினால், அவர் மெய்யராகவே அந்தத் தெருவில் கடைசிவரை வாழலாம். கைக்குள் கங்கு மங்கிச் சுருங்கியது. எதிரே, அடுப்படி நிலையில், அமலி வயிற்றின்மேல் கைவைத்து நின்றாள். அவள் முகத்தில் வேண்டுகோள் ஏதும் இல்லை. வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்; ஆழமாக, அவசரமில்லாமல், தூங்குகிற பிள்ளையைப் போல.

கஸ்பார் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினார்.

சுவாலை அவர் உள்ளங்கைகளுக்கு மேல் மஞ்சளாக எழுந்து நின்றது. அவர் அதைத் தட்டில் இட்டார். எல்லோரும் பார்க்கும்படி அது நன்றாக, நிறையவே எரிந்தது.

"மேற்சுற்றிலும் அடிச்சுற்றிலும் தீ ஒரேபோல் பற்றுகிறது" என்று ஆணையர் பதிவுக்காக உரக்கச் சொன்னார். குரல் ஓரிடத்தில் மட்டும் தடுமாறியது. "காற்றில் வேறுபாடு இல்லை. உபதேசியார் கஸ்பாரின் கூற்று உண்மைக்குப் புறம்பானது. ஒத்துக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்கிடுதேன்."

யாரோ தூ என்றார்கள். செபமாலைகள் நின்றன. அலுவலர்கள் வெளியேறி மறைந்தார்கள். பிறகு ஒருத்தி, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அவள் போன வழியைப் பார்க்கக் கஸ்பாருக்குத் தெம்பில்லை.

இன்னாசிதான் தொடங்கினான். அதுவரை ஒரு நாளும் அவன் அவரை ஏகவசனத்தில் பேசியதில்லை.

"ஏல உபதேசி! உன் பேச்ச நம்பி நாலு நாளு தெருவே பட்டினி கெடந்துச்சு தெரியுமால, வேலைக்குப் போகாம, பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்தாம, மேல போயி கம்பெனிக்காரன் மூஞ்சிக்கு நேரா நின்னு, எங்க மச்சான் சொன்னா பொய்யிருக்காதுன்னு நாங் கத்துனேம்ல, எங்க அக்காவ நெனச்சுக் கத்துனேன், செத்துப்போன அந்தப் பச்ச மண்ணுகள நெனச்சுக் கத்துனேன், நீ என்னடான்னா கையில தீய ஏந்திக்கிட்டு ஒத்துக்கிடுதேங்க, இனி இந்தத் தெருவுல எவன் முகத்துலல முழிப்ப, எங்க அக்கா முகத்துல எப்படில முழிப்ப, மாதா கோயில் வாசல மிதிச்சிருவியால நீ..."

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இடையில் எங்கும் மூச்சு வாங்க நிற்காமல், சுவரைப் பிடிக்காமல், அவன் ஏசிக்கொண்டே இருந்தான். அமலி நிலைப்படிக்கு வந்து தம்பியை இமைக்காமல் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

கஸ்பார் தலை குனிந்து, ஒரு சொல்லையும் தவறவிடாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.